மகனை வெளியே அனுப்பிவிட்டு

ஆடி 9, வெள்ளி.

இருபது வருஷம் வைத்தியம் பார்த்தபின் முதியோர் மருத்துவம் சொல்லித்தரப் பயிற்சி எடுக்கிறேன். இன்று என் முதல் மாதிரி வகுப்பு. பள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெரியவரை அவர் மகன் கூட்டி வந்திருந்தான். பயிற்சியில் சொன்னபடி மகனை வெளியே அனுப்பிவிட்டு, பெரியவரிடமே கேட்டேன். அவர் பேசும்வரை காத்திருந்தேன்.

“படுக்கைய நனைச்சிடறேன்னு சாயந்தரத்துக்கு மேல தண்ணி தர மாட்டேன்றாங்க டாக்டர்.”

வகுப்பில் இருந்த சக டாக்டர்கள் குறித்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் என் பொறுமையைப் பாராட்டினார். மகனைக் கூப்பிட்டு, தண்ணீரை நிறுத்தக்கூடாது என்று சொன்னேன்.

“ஆங், சரிங்க” என்றான். வாசலைத் தாண்டும்போது அப்பாவிடம் கேட்டான்: “உள்ள இன்னா நைனா சொல்லி வெச்ச?”

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த பாடத்தைத் தொடங்கியிருந்தேன்.

இரவு இதை எழுதும் மேசையில் தண்ணீர் இருக்கிறது. எடுக்கவில்லை. தாகமாகத்தான் இருக்கிறது.