நாலாவது ரவைக்கூடு

இன்று காலை வேலைக்கூடத்தில் அக்ரிலிக் திரவப் போத்தலின் மூடியைத் திறந்தேன். ஒரு கிழவருக்கு மேல்வரிசைப் பொய்ப்பல் செய்ய வேண்டியிருந்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். செத்து எட்டு மாதமாகியும் உனக்கு வெட்கமில்லை. கூப்பிடாத வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவள் நீ. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

உன் செத்தவீட்டுக்கு வந்தேன். கிளென் ஈடன் மயான மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். மூளையில் இரத்தக்குழாய் வெடித்து அரை மணி நேரத்தில் போய்விட்டாய் என்று உன் கணவர் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளப் தலைவர் எழுந்து, நீ விதியை ஒரு மயிரிழைகூட மீறாதவள் என்று பேசினார். பொய்யில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். பக்கத்திலிருந்தவள் எனக்குத் தாள் கைக்குட்டை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினேன். அழுகை வராமலில்லை. உனக்காக அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நீயும் நானும் சந்தித்ததே ஒரு பல்லால்தான். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தாய். நிறம் பொருத்திப் பார்க்க, பல் வைத்தியர் உன்னை மவுண்ட் ஆல்பர்ட்டிலுள்ள எங்கள் வேலைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக உன் உதட்டருகே பிடித்துக்கொண்டே, "நீர் தமிழோ?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, கோயமுத்தூர். நீங்க சிலோனா?" என்று அரைப் பல்லோடு சிரித்தாய்.

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அரம் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏனுங்க, இந்தக் கையால எனக்கு ஒரு பிடி பண்ணித் தருவீங்களா?"

கத்திப் பிடியாக்கும் என்று நினைத்தேன். நீ கேட்டது பிஸ்டலுக்கு.

கோயமுத்தூர்க் கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டவளாம் நீ. இங்கே வந்து, ஆல்பனிக்கும் அப்பால் பைன் காட்டுக்குள் இருந்த பிஸ்டல் கிளப்பில் சேர்ந்திருந்தாய். ஒரே இடத்தில் நின்று வட்டத்தைப் பார்த்துச் சுடுகிற விளையாட்டல்ல அது. ஓட வேண்டும், குனிய வேண்டும், கதவிடுக்கு வழியாகச் சுட வேண்டும், ஓடிக்கொண்டே, தோட்டா தீர்ந்த ரவைக்கூட்டைத் துப்பாக்கிப் பிடிக்குள்ளிருந்து கழற்றி நிறைந்ததைச் செருக வேண்டும். மணிக்கூடு உன்னைத் துரத்திக்கொண்டிருக்கும். துப்பாக்கியோ பெரிய ஆம்பிளைக் கைக்கென்று செய்தது. உன் கட்டைவிரல் ரவைக்கூட்டை விடுவிக்கும் பொத்தானுக்கு எட்டவில்லை.

துப்பாக்கியை நீ கொண்டுவரவில்லை. கழற்றிய பிடித்தகடுகளை மட்டும் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். தாடைக்கு அச்செடுக்கும் பசையை உன் உள்ளங்கையில் அழுத்தி அச்செடுத்தேன். மெல்லிய பிடி இரண்டு வார்த்தேன். என்னிடம் இருந்தது ஈறு நிற அக்ரிலிக் மட்டும்தான். கிளப்பில் ஆம்பிளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நீ விதிப் புத்தகத்தை விரித்து அவர்கள் முன்னால் வைத்தாயாம். "கலரைப் பத்தி ஒரு வரி இருந்தா காட்டுங்க" என்று கேட்டதாக எனக்கு வந்து சொன்னாய். அன்றைக்கு நானும் சிரித்தேன். உன்னோடு சேர்ந்து சிரித்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகம் எரிகிறது.

அந்த விதிப் புத்தகம் உனக்குத் தேவாரம் மாதிரி. பின்னால் நாங்கள் இருவரும் சுட்ட பிரிவில், துப்பாக்கியில் மாற்றம் செய்யலாம், ஆனால் ரவைக்கூடு செருகிய துப்பாக்கி ஓர் அலுமினியப் பெட்டிக்குள் முழுவதும் அடங்க வேண்டும். வெளியே துருத்தினால் போயிற்று. அதற்குள் எதைச் செய்தாலும் யாரும் கேட்க முடியாது. "ரூல் எங்க முடியுதோ, அது வரைக்கும் நம்ம இடம்" என்பாய். நான் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

நானும் சேர்ந்தேன். வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள் இங்கே காசு கட்டிச் சுடுகிறாள் என்று என் புருஷன் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அனுமதிக்காக விசாரிக்க வந்த பொலிஸ்காரர், எங்கே சுடப் பழகினேன் என்று இரண்டு தரம் கேட்டார். இங்கேதான் என்று இரண்டு தரம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் என் பெயர்ப் பலகை தொங்கியது. இங்கே என் சான்றிதழ் செல்லாது, இன்னொருவரின் பெயரில் பல் செய்கிறேன். கிளப்பில் மட்டும், சுட்டு முடித்ததும் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதி அதற்கு நேரே என் புள்ளியைப் போட்டார்கள். அதற்காகவே போனேன்.

பிறகு அவுஸ்திரேலியா போகும் பெண்கள் அணிக்குத் தேர்வுப் போட்டி வந்தது. மூன்று இடம் நிரம்பிவிட்டது, ஓரிடம் மிச்சம். அணிக்கு ஒரு மேலங்கி கொடுப்பார்கள், முதுகில் இந்த நாட்டின் பெயர் எழுதியிருக்கும். அகதி என்று எழுதிய கடதாசியோடு வந்து இறங்கியவள் நான். அந்த மேலங்கி எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் சொன்னேன். உனக்கு.

உனக்கும் அதே இடம் வேண்டும். அதை நீ மறைக்கவில்லை. "யார் ஜெயிச்சாலும் ஒண்ணுதான்" என்றாய். இரண்டு பேருக்கும் ரவைக்கூட்டின் அடியில் பொருத்துகிற கட்டை செய்தேன். கட்டை தடித்தால் கையால் தட்டி ஏற்றுவது சுலபம், உள்ளே ஒரு ரவையும் கூடக் கொள்ளும். ஆனால் பெட்டிக்குள் அடங்க வேண்டும். வார்த்து, அராவி, பெட்டியளவில் வைத்துப் பார்த்து, திரும்ப அராவி, உனக்கு நாலு, எனக்கு நாலு. பயிற்சிக்கென்று அராவாத தடித்த கட்டை போட்ட ரவைக்கூடு ஒன்று என்னிடம் தனியாக இருந்தது. போட்டி தொடங்கிய சனிக்கிழமை விடிய அவசரத்தில் நல்லது ஒன்றை மேசையில் விட்டுவிட்டு அதை எடுத்து வந்துவிட்டேன். என் பிழைதான். அதை இன்னொருவர் தலையில் கட்ட நான் வரவில்லை.

உபகரணம் பார்த்தவர் என் துப்பாக்கியையும் கையில் அகப்பட்ட ஒரு ரவைக்கூட்டையும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, சரி என்று அனுப்பினார். மற்ற மூன்றையும் அவர் கேட்கவில்லை. பிறகு நீ, ரவைக்கூடுகள் செருகியிருந்த என் இடைப்பட்டியை இறுக்கிவிட்டாய். வலப்பக்கம் வழுக்குகிறது என்று நான்தான் கேட்டேன். உன் விரல் நாலாவது கூட்டை மெல்லத் தூக்கியது. ஒரு கணம் பிடித்திருந்து திரும்ப உள்ளே தள்ளியது.

"எல்லாம் சரியா இருக்கு, வா" என்றாய்.

சனிக்கிழமைப் புள்ளியில் நீ முன்னால், நான் பின்னால். ஞாயிற்றுக்கிழமை என் கை எனக்கே தெரியாத மாதிரி சுட்டது. கடைசிச் சுற்றுக்கு முன்னால் நான் உன்னைத் தாண்டியிருந்தேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தலைமை நடுவர் வந்தார். முகத்தை என்னமோ மாதிரி வைத்துக்கொண்டு, என் எல்லா ரவைக்கூடுகளையும் பார்க்க வேண்டும் என்றார். மூன்று அடங்கின. நாலாவது நகக்கனத்துக்கு வெளியே நின்றது. அதை நான் இரண்டு நாளில் ஒரு தரம்கூடத் துப்பாக்கிக்குள் ஏற்றவில்லை. இடுப்பில் இருந்தாலே குற்றம்தான், விதி அப்படி. என் புள்ளிகளை எல்லாம் தூக்கி, குறிபார்க்கும் கண்ணாடி பூட்டிய பந்தயத் துப்பாக்கிக்காரரின் பிரிவில் போட்டார்கள். அங்கே நான் கடைசி.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவர் உன்னைத் திரும்பிப் பார்த்த பார்வையே போதும்.

உன் காரில்தான் வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டுப் பக்கம் பஸ் ஏது. ஆல்பனி தாண்டியதும் ஒரு டெய்ரிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனாய். இரண்டு ஐஸ்கிரீமோடு வந்து ஒன்றை என் கையில் வைத்தாய். நான் அதைச் சாப்பிட்டேன். அதை ஏன் ஜன்னலால் எறியவில்லை என்று என்மேலேயே எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

துறைமுகப் பாலத்தில் ஏறியபோது கேட்டேன். "எப்ப கண்டனி?"

"நேத்து காலைல. பெல்ட் கட்டறப்போ."

"அப்ப ஏனடி சொல்லேல்லை? கழட்டிக் காருக்குள்ள வைச்சிருப்பனே."

நீ கண்ணாடியைப் பார்த்துப் பாதை மாற்றினாய். சமிக்ஞை விளக்குப் போட்டு, ஒழுங்காக. பிறகு சொன்னாய்.

"நேத்து நீ எனக்குப் பின்னாடி இருந்தே."

அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, சாட்டும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மட்டும், "ரூல்ல இருக்கறதத்தான சொன்னேன்" என்றாய். ஓம், விதியில் இருந்ததைத்தான் சொன்னாய். சிநேகிதியின் இடுப்பில் கை வைத்து "எல்லாம் சரி" என்று பொய் சொல்லக்கூடாது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. உன் இடம் அது வரைக்கும் இருந்தது.

நீ அவுஸ்திரேலியா போய் வந்தாய். நான் கிளப்பை விட்டுவிடுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். உனக்காக நான் ஏன் விட வேண்டும்? இரண்டு வருடம் ஒரே மேடையில் முகம் பார்க்காமல் சுட்டோம். நான் வார்த்த பிடியைத்தான் நீ கடைசி வரைக்கும் வைத்திருந்தாய். ஒருநாள், "இப்பவும் கோவமா?" என்று கேட்டாய். நான் சுட்டுத் தெறித்த வெற்று ரவைக்கோது பொறுக்கப் போனேன். இப்போது சொல்கிறேன். ஓம். நீ உயிரோடிருந்தால் உன் கம்பெனிக் கணினிகளில் வரப்போகும் இரண்டாயிரமாம் ஆண்டுக் குழப்பத்தைத் தீர்க்கத் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருப்பாய். நான் கோபமாகத்தான் இருப்பேன்.

போன மாதம் திரும்பவும் தேர்வுப் போட்டி வந்தது. ஹமில்டனிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் புதிதாக வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு முன்னால் நின்று இடைப்பட்டி கட்டினாள். அவளுடைய ரவைக்கூட்டில் ஒன்று மற்றவற்றைவிடத் தடித்திருந்தது. நாள் முழுக்க அராவுகிற கண்ணுக்கு அது தப்பாது. பெட்டிக்குள் அடங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

சொன்னேன். அவள் அதைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள், நீங்கள் நல்லவர் என்றாள். நான் நாலு புள்ளியால் வென்றேன். மேலங்கி நேற்றுத் தபாலில் வந்தது. என் பெயரையும் பிழையில்லாமல் தைத்திருக்கிறார்கள். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

ஏனென்றால் அவள் ஓடி வந்து கட்டிப்பிடித்தபோது ஒன்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தடித்த கட்டையைக் கண்டதும் நான் நேரே அவளிடம் போகவில்லை. சனிக்கிழமைப் புள்ளிகள் ஒட்டியிருந்த சுவரடிக்குப் போனேன். அவள் பெயரைத் தேடினேன். எனக்குக் கீழே இருந்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து சொன்னேன்.

மேலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. பல் அராவும்போதும் அதையே யோசிக்கிறேன். எல்லாம் உன்னிடமிருந்து தொற்றியது என்று திட்டத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். ஆனால் சுவரடிக்கு நடந்து போனது என் கால். இதற்காகவும் உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.