குளத்தைச் சுற்றி வெளிச்சம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், அப்பா, குளத்து மீன்கள் எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் வாண்டுவும் சுகமாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். என் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அன்றைக்கு உன்னோடு போனில் பேசிக்கொண்டே நான் தோட்டத்துக் குளத்தில் விழுந்த சத்தம் உன் காதிலேயே கேட்டதால் நீ பதறியது நியாயம்தான். ஆனாலும் முழங்கால் அளவுத் தண்ணீரில் விழுந்தவளை நடுக்கடலில் விழுந்தவளாக்கி நீ கூப்பாடு போட்டதும், முதல்ல மண்ணப் போட்டு அந்தக் குளத்த மூடுங்க என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டதும் கொஞ்சம் அதிகம். அப்பா மூடவில்லை, நான் மூட விடவில்லை. சாயங்காலம் உன் போன் வரும்போது வீட்டுக்குள் உட்கார்ந்தால் உன் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கிறது, குளத்துப் பக்கம் போனால்தான் நீ பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது. அந்த இடத்தையா மூடச் சொல்கிறாய், எப்படியடி உனக்கு மனசு வந்தது?

மூடுவதற்குப் பதிலாக விளக்குப் போடுகிறேன் என்று கிளம்பினார் அப்பா. இருட்டினால்தானே இவளுக்குக் கண் தெரியவில்லை, வெளிச்சம் வந்தால் சரியாகிவிடும் என்பது அவர் நினைப்பு. உன் அப்பா கையில் ஒரு வேலை கிடைத்தால் வீடு ரெண்டுபடும் என்று உனக்குத் தெரியாதா என்ன. எலக்ட்ரீஷியன் தம்பி, தண்ணிக்குள்ள வேணாம் சார், வெளியில ரெண்டு மூணு போட்டா போதும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். இவர் கேட்கவில்லை, தண்ணீருக்குள்ளேயே சுற்றிலும் விளக்கை இறக்க வைத்தார். சுவிட்சைப் போட்டதும் குளம் நகைக்கடை மாதிரி ஜொலித்தது. அடியில் கிடக்கும் பாசி, பம்புக் குழாய், நான் ஊரெல்லாம் தேடிய சமையல் கரண்டி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மீன்கள் அரண்டுபோய்க் கல்லுக்கடியில் ஒண்டிக்கொண்டன. எனக்கோ கண் கூசிப்போய்த் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, கரை முன்னைவிட இருட்டாகிவிட்டது. மனிதர் இவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறாரே என்று, பிரமாதமா இருக்குங்க என்று சொல்லிவிட்டு, ஓரடி எடுத்து வைக்கப் பயந்து அங்கேயே நின்றேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், உன் அப்பா தன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு அதன் மேல் என் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, கையை நீட்டித் தடவித் தடவிக் குளத்தைச் சுற்றி நடக்கிறார். என்ன கூத்து இது என்று கேட்டால், உனக்கு எப்படித் தெரியுதுன்னு எனக்குத் தெரியவேணாமா என்கிறார். சொல்லி வாய் மூடவில்லை, தொபுக்கடீரென்று அவரும் உள்ளே. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். சொட்டச் சொட்டக் கரையில் உட்கார்ந்துகொண்டு, தினமும் இப்படித்தான் நடந்துக்கிட்டு இருந்தியா, ஏன் எங்கிட்ட சொல்லல என்று கேட்டார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பியை அவரே போய்க் கூட்டிவந்து, தண்ணீருக்குள் இருந்ததையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போது கரைக் கற்களின் மேலும் நடைபாதையிலும் மட்டும் வெளிச்சம் விழும்படி மூடி போட்ட விளக்குகள் தாழ்வாக இருக்கின்றன, பல்பு கண்ணில் படுவதே இல்லை. செம்பருத்திச் செடிக்கு ஒன்று வைத்திருக்கிறார், அதன் இலையெல்லாம் தண்ணீரில் தெரிகிறது. மீன்களும் வெளியே வந்துவிட்டன. உன்னோடு பேசி முடித்ததும் அணைத்துவிடுகிறோம், அதுகளும் தூங்க வேண்டுமே. நான் யார் கையையும் பிடிக்காமல் போய் உட்காருகிறேன், நீ பயப்படாதே.

ஆனால் ஒன்று இருக்கிறது, போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். அப்பா என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். போன பார்வை திரும்பாதாம், மிச்சமிருப்பதும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம், பகலிலும்கூட. எவ்வளவு சீக்கிரம் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மருந்து போடுகிறேன். தையல் மிஷினை இன்னும் விடவில்லை, ஊசியில் நூல் கோப்பது மட்டும் அப்பா, கோத்துவிட்டுப் பெரிய தையல்காரர் மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அவர் எதிரில் நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். உன்னிடம் என்னத்துக்கு மறைப்பது, பயமாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் வாண்டுவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இத்தனை வருஷமும் லீவு கிடைக்கும்போது வா, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றுதான் எழுதினேன். இந்தத் தடவை அப்படி எழுத எனக்கு மனசில்லை. அப்பா போட்ட விளக்கு நான் நடக்கத்தான் உதவும். உன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்போதே ஒரு தடவை வந்துவிட்டுப் போ, கண்ணு.

உன் அம்மா