பத்தடியில் அரை மணி

கடல் மேடை,
பாரசீக வளைகுடா,
14-11-1966

அன்புள்ள அக்கா தில்லையம்மாளுக்கு, தம்பி சிங்காரம் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் குழந்தை பூவம்மாளும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. உன் தாலிக்கு ஒன்றும் ஆகவில்லை, மாமா உயிரோடு இருக்கிறார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, எண்ணெய்க் குழாயில் போல்ட் முடுக்கக் கடலுக்கடியில் இறங்கினார். வேலையை முடித்து மேலே வந்து, டீ வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகிறது என்றார். சாயங்காலம் நிற்க முடியவில்லை. இப்போது ஒரு தீவு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கம்பெனிக்காரர்கள் கப்பலில் பம்பாய் அனுப்பி, அங்கிருந்து ஆள் துணையோடு ரயிலில் ஏற்றிவிடுவார்கள்.

எப்படி ஆயிற்று என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அவசரப்பட்டு அவராகவே மேலே வந்துவிட்டார் என்கிறார்கள். ஊருக்கு வந்து நாலு மாதம் எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும். குழந்தைக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி,
சிங்காரம்


கிள்ளை,
20-1-1967

அன்புள்ள தம்பி சிங்காரத்துக்கு அக்கா ஆசீர்வாதம்.

உன் மாமா பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு வந்து சேர்ந்தார். கிள்ளை ஸ்டேஷனில் இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். நாலு மாதம் எண்ணெய் தேய்க்கச் சொன்னாயே, எந்த இடத்தில் தேய்ப்பது? இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. சிறுநீர்கூடத் தானாகப் போவதில்லை.

கடலூரில் டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். மரத்திலிருந்து விழுந்தாரா, முதுகில் அடிபட்டதா என்று என்னைக் கேட்கிறார். கடலில் முங்கினார், டீ குடித்தார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே நான் சொன்னது பொய்யோ என்று தோன்றிவிட்டது. என் மாமியார் கடல் முனி அடித்துவிட்டது என்று சேவல் நேர்ந்திருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை தம்பி.

இவரைக் கேட்டால் ஒரே பதில்தான். "நானாத்தான் வந்துட்டேன், வுடு தில்ல." மேலே என்ன பந்தியா போட்டிருந்தார்கள், அப்படி என்ன அவசரம் என்று தினமும் திட்டுகிறேன். முந்தாநாள் கோபத்தில் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்? முங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது நம்மவர்கள் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலி என்பதால் அவன் கைதான் அசராது என்பார்கள். கயிறு உன் கையில் இருக்கும் என்று நம்பித்தான் அவரை அவ்வளவு தூரம் அனுப்பினேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

அக்கா,
தில்லையம்மாள்


கடல் மேடை,
18-2-1967

அன்புள்ள அக்காவுக்கு, நலம். கடிதம் கிடைத்தது.

இங்கே குளிர்காற்று அதிகம். சோறு பரவாயில்லை, மீன்தான் நம்ம ருசி இல்லை. மாமாவுக்கு இரண்டு கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? அன்றைக்கு என்னை வேறு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். கயிற்றை வேறு ஆள் பிடித்திருந்தான். நான் ஓடி வந்தபோது அவர் மேலே இருந்தார். அவ்வளவுதான் தெரியும். மாமாவைத் திட்டாதே அக்கா. தயவுசெய்து திட்டாதே.

சிங்காரம்


கிள்ளை,
2-4-1967

சிங்காரத்துக்கு,

சிதம்பரத்தில் அந்தோணிசாமி என்று ஒருவர் இருக்கிறார். முன்பு கப்பல் படையில் முங்குகிற வேலை பார்த்தவர், இப்போது மேல வீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மீன் விற்கப் போன இடத்தில் கேள்விப்பட்டு அவரைத் தேடிப் போனேன். நான் பாதி சொல்லும்போதே அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். இந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக ஒரு மனிதருக்கு நான் சொன்னது புரிந்தது.

ஆழத்தில் அழுத்திக் கொடுக்கிற காற்று ரத்தத்தில் கரைந்துவிடுமாம். திடீரென்று மேலே வந்தால், கோலியைத் தட்டின சோடா மாதிரி உள்ளுக்குள்ளேயே பொங்குமாம். அது முதுகெலும்பில் போய் அடைத்தால் கால் போய்விடுமாம். அதனால் வருகிற வழியில் பத்தடி ஆழத்தில் அரை மணி நிறுத்திவைத்துத்தான் தூக்க வேண்டுமாம். மூச்சடக்கி முங்குகிற நம் ஆட்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, குழாய்க் காற்றில் வேலை செய்கிறவனுக்குத்தான் என்றார்.

உன் மாமா பெட்டியின் அடியில் இங்கிலீஷ் காகிதம் ஒன்று இருந்தது. அதையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் படித்துச் சொன்னார். "முங்கியவர் உத்தரவை மீறி, உடுப்பில் காற்றை நிரப்பிக்கொண்டு, தானாக மேலே மிதந்து வந்தார்." கீழே சாட்சி, கயிறு பிடித்தவர், சிங்காரம். தமிழில் கையெழுத்து. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? உனக்கு 'சி' போடச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

கயிறு வேறு ஆள் கையில் என்று எழுதினாயே. யாரிடம் பொய் சொல்கிறாய்?

தில்லையம்மாள்


கடல் மேடை,
30-4-1967

அக்காவுக்கு,

எனக்கு இங்கே கயிறு பிடிக்கிற வேலை இல்லை. கிரேனுக்குச் சங்கிலி மாட்டுகிறவன் நான். மாமாதான் ஃபோர்மேனிடம் அடம்பிடித்தார், "கயிறு எங்க மச்சான் கையிலதான் இருக்கணும்" என்று. பழகின ஆளை மாற்றிவிட்டு, எனக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தடியில் அரை மணி என்று எனக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

அன்றைக்கு அவர் பதினைந்து பாகத்தில், தொண்ணூறு அடி ஆழத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். கயிற்றை நாலு தரம் இழுத்தார், தூக்கு என்று. தூக்கினேன். பத்தடியில் நிறுத்தினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது அக்கா. செம்புத் தொப்பிக்குள் அவர் முகம் தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எட்டினால் தொடலாம். உன் புருஷன் தண்ணீருக்குள் கையை ஆட்டுகிறான், நான் அவனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் பொறுத்தேன். ஃபோர்மேன் "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவது காதில் விழுந்தது. என் கை கேட்கவில்லை. நம் ஊரில் இழுக்கிற மாதிரி ஒரே மூச்சில் மேலே இழுத்துவிட்டேன்.

அவசரமாக மேலே வந்தவனைப் போட்டு மூடி, திரும்பக் காற்றை அழுத்திச் சரிப்படுத்த ஒரு இரும்பு அறை உண்டு. அது அதற்கு முந்தின வாரமே வேறு மேடைக்குப் போயிருந்தது. படகில் தீவுக்குப் போக பத்தொன்பது மணி நேரம் ஆயிற்று.

ஃபோர்மேன் காகிதம் நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மாமாவுக்கும் தெரியும். தீவில் கட்டிலில் கிடந்தபடியே சொன்னார், "போட்டுடு மச்சான், நானும் அப்படியே சொல்லிக்கிறேன். உங்க அக்காவுக்கு நீ ஒருத்தன்தான் பொறப்பு." அவரை நீ திட்டுவதாக எழுதினபோது நான் செத்துப்போயிருக்கலாம்.

தம்பி என்று போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

சிங்காரம்


கிள்ளை,
28-5-1967

தம்பி சிங்காரத்துக்கு,

கடிதத்தை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவன் ஒண்ணும் பண்ணல. நான்தான் பயந்துபோய் இழு இழுன்னு கைய ஆட்டினேன்" என்கிறார். நீ சொல்வது நிஜமா, அவர் சொல்வது நிஜமா? உன்னைக் காப்பாற்ற இதையும் அவர் கட்டிச் சொல்கிறாரா? யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் இரண்டு நாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் காலைப் பிடித்து அழுதேன். அவருக்கு அதுவும் தெரியவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அந்தோணிசாமியிடம் மறுபடி போனேன். நீ இழுத்தது தப்புத்தான், ஆனால் அந்த அறை பக்கத்தில் இருந்து உடனே உள்ளே போட்டிருந்தால் பெரும்பாலும் நடந்திருப்பார் என்றார். அறை இல்லாத மேடையில் ஆளை அந்த ஆழத்துக்கு இறக்கவே கூடாதாம். நீ அதை மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். நீ "என் தப்பு" என்கிறாய், அவர் "என் தப்பு" என்கிறார். அறையை எடுத்துக்கொண்டு போனவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்ததை நடந்தபடி, நீ இழுத்ததும் அறை இல்லாததும் சேர்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவராக வந்தார் என்ற பேச்சு அவர் பேரில் இருக்கக் கூடாது. இன்னொன்று. இப்போது அங்கே யார் முங்குகிறார்கள்? அந்த அறை திரும்பி வந்ததா?

அக்கா,
தில்லையம்மாள்


பம்பாய்,
9-7-1967

அன்புள்ள அக்காவுக்கு,

இதோடு இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நான் இழுத்தேன், அறை இல்லை, முந்தின காகிதம் பொய். மூன்றும் அதில் இருக்கிறது. ஒரு பிரதியை ஃபோர்மேன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அறை வரவில்லை அக்கா. கடைசி நாள் ஒரு மலையாளத்துப் பையனை இறக்கினார்கள். அவன் கயிற்றை என்னிடம் நீட்டினார்கள். அறை வராமல் பிடிக்க மாட்டேன் என்றேன். இறங்க வேண்டாம் என்று அவனிடம் எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்தான். வேறு ஆள் கயிற்றை வாங்கிக்கொண்டான். என்னை அப்போதே படகில் ஏற்றிவிட்டார்கள்.

படகு கிளம்பும்போது அவன் கீழேதான் இருந்தான். நான் நின்று பிடித்திருந்தால் அரை மணி அவனை நிறுத்தியிருப்பேன், இந்தத் தடவை நிறுத்தியிருப்பேன். விட்டுவிட்டு வந்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் எப்படி மேலே வந்தான் என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை கிள்ளையில் இறங்குவேன். வீட்டுக்கு வரலாமா கூடாதா என்று யாரிடமாவது சொல்லி அனுப்பு. அதுவரை ஸ்டேஷனிலேயே இருப்பேன்.

உன் தம்பி,
சிங்காரம்