இரும்பு முட்டியும் வள்ளி கும்மியும்

20 ஜனவரி 2025
இரண்டு முட்டியும் மாற்றி இரண்டு வருடம். கோவை டாக்டர் மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். "ஜம்முனு இருக்குதுங்க. நடங்க, ஏறுங்க. குதிக்க மட்டும் வேண்டாம்." திரும்பும் வழியெல்லாம் காரில் பாடினேனாம். கலைமகள் சொல்கிறாள். மனைவி சொன்னால் மறுக்க முடியுமா?

நஞ்சப்பண்ணன் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் எங்கள் பனியன் கம்பெனி ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாரே: "தம்பிக்கு இனிக் கட்டில்தான். அவன் சேரைத் தூக்கி ஸ்டோர் ரூம்ல போடுங்க." கூடப் பிறந்த அண்ணன். எம்.காம். படித்துவிட்டு நான் கணக்குப் பார்த்த நாற்காலி. அன்றோடு நான் தனி யூனிட், அவரோடு பேச்சும் இல்லை.

2 பிப்ரவரி
பெருமாநல்லூர் வள்ளி கும்மி ஆட்ட வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அரங்கேற்றம் எங்கள் கோயில் மைதானத்தில். அண்ணன் விழாக் குழுத் தலைவர் — முன்வரிசையில் உட்கார்ந்தே தீர வேண்டும். பார்க்கட்டும்.

முட்டி விஷயத்தை ஆசிரியர் அருள்செல்வனிடம் சொல்லவில்லை. சொன்னால் சேர்ப்பாரா?

9 பிப்ரவரி
வீக்கம். ஐஸ் பையைக் கலைமகள் என் மடியில் எறிந்துவிட்டுப் போனாள்.

16 பிப்ரவரி
மாட்டிக்கொண்டேன். குதித்துத் திரும்பும் அடவில் நான் மட்டும் நின்றேன்.

"ஏனுங்ணா, ஆணி அடிச்சாப்புல நிக்கறீங்க?" என்றார் அருள்செல்வன்.

"ஆணி இல்லீங்க தம்பி, உள்ள இரும்பே வெச்சிருக்குது." வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.

பக்கத்து வரிசை ஜெயசுதா: "மழையில நனஞ்சுறாதீங்ணா, துருப்புடிச்சுக்கும்."

வகுப்பே சிரித்தது. அருள்செல்வன் சிரிக்கவில்லை. "டாக்டரு எங்கிட்டப் பேசோணும். இல்லீன்னா அரங்கேத்தத்துல நிறுத்த மாட்டேனுங்க."

18 பிப்ரவரி
டாக்டர் பேசிவிட்டார். கும்மி சரி, குதி கூடாது. மற்றவர்கள் குதிக்கும் இடத்தில் நான் ஓர் எட்டு பின்னால் வைத்தால் போதும். சந்தோஷத்தில் குதிக்கலாம் போலிருக்கிறது. அதுதான் கூடாதாமே.

6 ஏப்ரல்
ஆடினேன். சலங்கை கட்டி, முழுதாக ஆடினேன்.

சுற்றி வரும்போதெல்லாம் அண்ணன் முகத்தைத் தேடினேன். அவர் பார்த்ததெல்லாம் என் முட்டியை. முடிந்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. டிரைவர் முனீஸ் தூக்கிவிட்டான். கம்பை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு வருடம் ஒத்திகை பார்த்த வசனத்தை நான் தொடங்குமுன் அவரே கேட்டார்.

"தம்பி, ராத்திரில வலிக்குமா?"

"இல்லீங்ணா."

"எனக்குத் தூக்கமே இல்ல. எந்த டாக்டரு?"

நாற்காலியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பெயரைச் சொன்னேன்.

14 மே
கோவை. அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். நர்ஸ் சொன்னால் முட்டியை மடக்க மாட்டேன் என்கிறார். நான் திட்டினால் மடக்குகிறார். ஆகவே நன்றாகத் திட்டுகிறேன், பழையதெல்லாம் சேர்த்து. அண்ணியும் தடுக்கவில்லை. சாயங்காலம் என் தோளைப் பிடித்து வராந்தா முனை வரை நடந்தார்.

"நாளைக்கும் வருவியா?"

"இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கலீங்ணா."