எருமை இறங்கின கதை

கார்த்திகை 4
எனக்கு எழுத்துத் தெரியாது. கதைத்தால் இந்தப் போன் எழுதும் என்று மகள் சிவதர்சினி காட்டித் தந்தவள். கதைக்கிறன்.

மழை. மாரி முடியும்மட்டும் முல்லைத்தீவுக் கரையில் இந்த மீன்வாடிக்கு நான்தான் காவல். மீன்பிடிக்க இங்கே தங்கிற தொழிலாளிகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு கிடுகுக் கொட்டில், கரையேற்றின போட்டுகள், ஒரு நாய், நான்.

கார்த்திகை 5
வாடி யஹ்யாவினுடையது. வட்டக்கச்சிக்கு வந்து என் நெல்லை வாங்குகிறவர். மனைவி நேசமலர் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு வந்தார். நான் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணை, மாரிக்கு என்ர வாடியில வந்து இருங்கோவன்" என்றார்.

வீட்டில் பின்னேரம்தான் கஷ்டம். கலியாணம் கட்டின நாள் தொட்டு, வயலால் வந்து கால் கழுவினதும் அன்றைய ஊர்ப் புதினம் முழுக்க அவளுக்குச் சொல்லுவன். கீரை ஆய்ந்துகொண்டே "பிறகு?" என்பாள். எதையாவது சொல்லாமல் விட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

கார்த்திகை 9
யஹ்யா வந்தார். வாய் மூடாத மனிசன். தன் முழங்கால், பேரப்பிள்ளை, டீசல் விலை. நான் ஓம், ஓம் என்றன். அவர் மனைவி லதீபா தந்துவிட்ட இடியப்பம் பஞ்சு மாதிரி. சொதியில் புளி போதாது. குறை பிடிக்கிறன் என்று நேசமலர் சிரித்திருப்பாள்.

கார்த்திகை 21
போன் எல்லாவற்றையும் எழுதுது. பிறகு என்று மட்டும் கேட்காது.

மார்கழி 2
சிவதர்சினி போன் எடுத்தாள். "அப்பா, தனிய அங்க என்ன செய்யிறியள்?"
"நாய்க்குச் சோறு வைக்கிறன்."
சிரித்தாள். பிறகு அதே கேள்வி. "அம்மா கடைசியா ஏதும் சொன்னவவோ?"
இல்லை என்றன். எப்படிச் சொல்ல?

மார்கழி 11
மத்தியானம் பேய் மழை. யஹ்யா மோட்டச்சைக்கிளில் திரும்பிப் போகேலாமல் இங்கேயே நின்றுவிட்டார். "என்ர கதை முடிஞ்சுது அண்ணை. நீங்க சொல்லுங்கோ. ஊரில மாடு கண்டு சுகமோ?"

மாடு எண்டதும் வாயில வந்திட்டுது. அண்டைக்கு அம்புலன்ஸில அவள் கண்ணை மூடப் பாத்தாள். நித்திரையாக விடாதேங்கோ எண்டு தாதி சொன்னவ. நான் அண்டைய புதினத்தைத் தொடங்கினன் — எங்கட ஊர்ப் பிரதாபன்ர எருமை, உழவுமெசினுக்குப் பின்னால இழுக்கிற பெட்டியில ஏறி நிண்டுகொண்டு இறங்கமாட்டன் எண்டதை. "பிறகு?" எண்டாள். ஆசுப்பத்திரி வந்திட்டுது. அவளை உள்ள கொண்டு போயிட்டினம். என்னை விடேல்லை. அவ்வளவுதான். அண்டையில இருந்து அந்த எருமை பெட்டியிலயே நிக்குது. ஆருக்குச் சொல்லி இறக்க?

யஹ்யா கிட்ட வந்து இருந்தார். பிறகு மெல்லமாய், "எப்பிடி அண்ணை இறங்கினது?"

சொன்னன். எத்தினை பேர் தள்ளியும் அசையேல்லை. கடைசியில பிரதாபன் மெசினை ஸ்ராட் பண்ணி ஊரைச் சுத்தினான். எருமை மாப்பிள்ளை மாதிரி நிண்டு ரெண்டு பக்கமும் பாத்துக்கொண்டு போச்சு. தன்ர பட்டியடி வந்ததும் தானே இறங்கித் தண்ணி குடிச்சுது.

யஹ்யாவுக்குச் சிரிச்சுப் புரைக்கேறிப் போச்சு. நானும் சிரிச்சன். பிறகு அழுதன். மனிசன் தேத்தண்ணி வைச்சுத் தந்தார். சீனி கூடிப்போச்சு.

மார்கழி 12
மகளுக்கு நானே எடுத்தன். அம்மா சொன்ன கடைசிச் சொல்லைச் சொன்னன். எருமையையும் இறக்கிவிட்டன்.

தை 20
கடல் அடங்குது. தொழிலாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

மாசி 6
வட்டக்கச்சி. நாயும் கூட வந்துவிட்டது. பின்னேரம் சிவதர்சினி எடுத்தாள். "இண்டைக்கு என்ன புதினம் அப்பா?" வெட்டின வயல், நெல்லுக்கு யஹ்யா வந்தது, எல்லாம் சொன்னன். முற்றத்தில் வழுக்கி விழுந்ததை மட்டும் சொல்லவில்லை.

"எதையோ விடுறியள்," என்றாள்.