அத்தைக்கு வந்த குழாய்ப் பெட்டி

நல்லம்பள்ளி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், மாடு கன்னும் சுகம், தேனீங்களும் சுகம். அங்க நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு போன வாரம் தீர்த்தமலைக்குப் போனப்ப வேண்டிக்கிட்டு வந்தேன். அப்பாவுக்கு சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆனா டீக்கடைக்குப் போனா அங்க என்ன குடிக்கறாருன்னு எனக்குத் தெரியல, நீயே ஒரு வார்த்தை கண்டிச்சுச் சொல்லு, உன் பேச்சுக்குத்தான் பயப்படறாரு. இதையெல்லாம் போன்லயே சொல்லலாம், ஆனா போன்ல நான் கோவமா ஆரம்பிச்சா நீ சிரிச்சே என் வாயை அடைச்சுடற, அதனாலதான் உக்காந்து எழுதறேன், நடுவுல விடாம முழுசாப் படி.

கோவம் எதுக்குன்னா, பொங்கலுக்கு வந்தப்ப சூட்கேஸ்ல வச்சு உங்க அத்தைக்குக் கொண்டாந்து குடுத்தியே, அந்தக் குழாய் வச்ச தேன்பெட்டி சாமான், அதுக்குத்தான். எனக்குப் புடவை, அவளுக்குத் தேன்பெட்டி. இந்த ஊர்ல முதல்ல தேனீ வளர்த்தது யாரு, கோகிலவாணியா நானா? அவ கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்கே வந்தப்ப தேனீயைக் கண்டா முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடுவா. இப்ப அந்தப் பெட்டியில குடியிருக்கற கூட்டம்கூட என் பெட்டியில இருந்து நான் பிரிச்சுக் குடுத்ததுதான், அந்த ராணி என் ராணியோட மக. அதையெல்லாம் யாரு நெனச்சுப் பாக்கறாங்க. யாரு வந்தாலும் நேரா அத்தை தோட்டத்துக்குத்தான் போறாங்க, பெட்டிப் பக்கவாட்டுல இருக்கற கண்ணாடி வழியா தேன் நிரம்பறதை சினிமா பாக்கற மாதிரி பாத்துட்டு, திரும்பிப் போறப்ப என் வேலியோரம் நின்னு நல்லா இருக்கீங்களான்னு ஒரு கேள்வி. வேலி நெடுக என் பெட்டிங்க இருக்கு, ஒருத்தரும் கண்ணெடுத்துப் பாக்கல. நீயும் சின்னதுல பள்ளிக்கூடம் விட்டா முதல்ல பையை வைக்கறது அத்தை வூட்லதான், அதுக்கப்புறம்தான் நம்ம வூடு. அது எனக்கு மறக்கல.

தேனீ வளர்க்கறவங்க கூட்டம் எப்பவும் நம்ம வூட்லதான் நடக்கும், உனக்குத் தெரியும். இந்தத் தடவை அத்தை வூட்ல வச்சுட்டாங்க. எல்லாரும் சேர்ந்து இந்த மாதிரிப் பெட்டி வாங்கலாமா வேணாமான்னுதான் பேச்சு. வத்தல்மலையில இருந்து வந்த வெங்கடாசலம் அண்ணன், எங்க மலைக் குளிருக்குத் தேன் இறுகிப்போயிடும், குழாய்ல எப்படி இறங்கும்னு கேட்டாரு. தருமபுரியில தேன் கடை வச்சிருக்கற ஆசிம் தம்பி, கண்ணு முன்னால குழாயைத் திறந்து பிடிச்சுக் குடுத்தா வாங்கறவங்களுக்குக் கலப்படம்ங்கற சந்தேகமே வராதுங்கன்னு சொன்னாரு. நான் விடல. பெட்டியைத் திறக்காம குழாயை மட்டும் திருகறவங்களுக்குப் புழு விழுந்தாலும் தெரியாது, ராணி செத்தாலும் தெரியாது, மெழுகு மூடாத அடையில எடுத்தா தண்ணித் தேன்தான் வரும், அது புளிச்சுப் பொங்கிடும்னேன். உங்க அத்தை பொறுமையா, அண்ணி சொல்றது அத்தனையும் சரிதாங்க, ஆனா தேன் எடுக்கற மிஷினைச் சுத்த என் தோள்பட்டைக்கு முடியல, அடை இருக்கற சட்டத்தைத் தூக்கி உதறறப்ப எத்தனை தேனீ நசுங்குது, இதுல அந்தப் பாவம் இல்லைன்னா. அவ பொறுமையாப் பேசப் பேச எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் சொன்னதுல பொய் ஒன்னும் இல்ல கண்ணு, ஆனா வயித்தெரிச்சல்லதான் சொன்னேன், அதுவும் எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

வாங்க, திறந்தே பாத்துடலாம்னு எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம். தேன் வரக்கூடாதுன்னு மனசுக்குள்ள சாமி கும்பிட்டேன். அத்தை பெட்டியோட வந்த சாவிக் கம்பியை உள்ள விட்டுத் திருகினா, அதுல பிளாஸ்டிக் அடை பிளந்து தேன் குழாய்க்கு இறங்கணும், கொஞ்ச நேரம் ஒன்னுமே இல்ல, எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அப்புறம் குழாய் வாயில ஒரு சொட்டு கோத்துச்சு, அடுத்து நூல் பிடிச்ச மாதிரி இறங்குச்சு பாரு, வெயில்ல அந்த நிறத்தைப் பாக்க எல்லாரும் கிட்ட நெருங்கிட்டாங்க. இத்தனை வருசம் தேன் எடுத்தவ நான், எனக்கே கண்ணை எடுக்க முடியல. ஆசிம் போன்ல படம் பிடிச்சாரு, ஆளாளுக்கு விரல்ல தொட்டு நக்கிப் பாத்தாங்க, பாட்டிலுங்க மூடாமயே பெஞ்சு மேல இருந்துச்சு. புங்கம்பூ முடிஞ்சு தேனீங்களுக்குத் தீனி இல்லாத நேரம், வாசனை பிடிச்சா விடுமா. முதல்ல ஒன்னு ரெண்டு வந்துச்சு, அப்புறம் கூட்டமா வந்து பாட்டில்ல விழுந்து, பெட்டி வாசல்ல கட்டிப் புரண்டு சண்டை. வந்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க. அத்தை மட்டும் நின்ன இடத்துலயே நின்னு, அண்ணி, உங்க தேனீங்கன்னா. என் பெட்டியில இருந்துதான் வந்து கொள்ளையடிக்குது. உன்கிட்ட மறைக்க மாட்டேன், என்னுது ஜெயிக்குதுன்னு ஒரு நிமிசம் பூரிச்சுப் போயிட்டேன். அப்புறம் வாசல்ல செத்து விழறதைப் பாத்தேன், ரெண்டு பக்கமும் என் ராணி வம்சம்தானே. ஓடிப்போய் பாட்டிலை மூடி, கோணிச் சாக்கை நனைச்சுப் பெட்டி மேல போத்தி, ஒரு தேனீ மட்டும் நுழையற மாதிரி விட்டுட்டு வாசலைப் புல்லு வச்சு அடைச்சு, ஓஸ் பைப்பால தண்ணி தூவிக்கிட்டே இருந்தேன். கையெல்லாம் கொட்டு. பொழுது சாயறதுக்குள்ள அடங்கிடுச்சு, கூட்டம் தப்பிச்சுது.

அத்தை அவ வூட்டு அடுப்படியில உக்கார வச்சு கொட்டின இடத்துல எல்லாம் சுண்ணாம்பு தடவி விட்டா. அப்பதான் சொன்னா, கனி இந்தப் பெட்டியை உங்களுக்குத்தாங்க அண்ணி வாங்க இருந்தா, போட்டோ அனுப்பிக் கேட்டதுக்கு பிளாஸ்டிக்ல தேனீ ஏறாது எனக்கு வேணாம்னு சொல்லிட்டீங்களாம், அதுக்கப்புறம்தான் என்னைக் கேட்டா, நான் உடனே வேணும்னுட்டேன், நீங்க எதையும் கேக்கவும் மாட்டீங்க, குடுத்தாலும் பீரோவுல வச்சுப் பூட்டிடுவீங்கன்னா. நான் அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். நான் வேணாம்னா நீ இன்னொரு தடவை கேக்கணும் கண்ணு. உங்க அப்பா பொண்ணு பாக்க வந்தப்பகூட முதல்ல வேணாம்னுதான் சொன்னேன்.

இப்போதைக்கு யாரும் வாங்க வேணாம், அத்தை பெட்டி ஒரு வருசம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு பேசி முடிச்சிருக்காங்க, அதுவரைக்கும் அதைத் திறந்து உள்ள பாக்கற வேலை எனக்காம். ஆசிம் போட்ட வீடியோவை ஊரே பாக்குது, குழாய் தெரியுது, அத்தை சிரிக்கறது தெரியுது, நனைஞ்ச சாக்கோட ஓடினது எங்கயும் இல்ல. அவளுக்கு என்ன சிரிப்பு அதுல.

சரி, நேரத்துக்கு சாப்பிடு, வேலை வேலைன்னு ராத்திரி பட்டினி படுக்காத. பாப்பாகிட்ட தமிழ்லயே பேசு, அது என்னைப் பாட்டின்னு கூப்பிடறது எனக்குப் புரியணும். மாப்பிள்ளையை விசாரிச்சதா சொல்லு. நீ நோய் நொடி இல்லாம புருசன் புள்ளையோட மகராசியா இருக்கணும். அடுத்த தடவை வர்றப்ப மறந்துடாத, எனக்கும் அந்தப் பெட்டி வேணும், வாய்விட்டே கேட்டுட்டேன். அத்தை பெட்டியில ஆறு சட்டம்தான் இருக்கு. ஏழு வச்சதும் விக்கறாங்கன்னு ஆசிம் சொன்னாரு, எனக்கு ஏழு. வாங்கற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாத.

உன்னையே நெனச்சுக்கிட்டு இருக்கற
உன் அம்மா
தீர்த்தம்மாள்