விக் இல்லாத வக்கீல்

1954, மார்ச் 8

“வகுப்பே சேர்ந்து ஒருத்தியோட பேசக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா, அவளுக்குக் குரல் இருக்குமா டீச்சர்?” முன்பு ஒரு சிறுமி கேட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நாளை வழக்கு. பக்கத்து வீட்டு ஆக்னஸ் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்தாளாம். தீக்குச்சி உரசவே பயப்படுகிறவள்! தோற்றால் சிறை. இரு தரப்பு இளம் பாரிஸ்டர்களும் என் வீட்டு மாடியில்தான் தங்கியிருக்கிறார்கள். ஆக்னஸுக்கு ஹ்யூ பெல்லமி, அரசுத் தரப்பில் ரூபர்ட்.

“முட்டை ஓட்டையே உன்னால உடைக்க முடியல, சாட்சிய எப்படிடா உடைப்ப?” என்றான் ரூபர்ட்.

“உன்னை ஜெயிக்க நான் வாயையே திறக்க வேண்டாம்டா.”

மார்ச் 9

ரூபர்ட்டின் குறும்பு. ஹ்யூ கோர்ட்டில் போட்டுக்கொள்ள வேண்டிய விக்கை என் டீ கெண்டியின் கம்பளி உறைக்குள் ஒளித்துவிட்டான். ஹ்யூ வெறுந்தலையோடு கோர்ட்டுக்கு ஓடினான். விக் இல்லாமல் வரும் வக்கீலின் பேச்சு காதில் விழவில்லை என்று நீதிபதி சொல்வது பழைய வழக்கம்.

“நீங்க பேசறது எனக்குக் கேக்கல, மிஸ்டர் பெல்லமி.”

சிரித்தோம். ஹ்யூ மறுபடி பேசினான். உதடு அசைந்தது. சத்தமே இல்லை. வழக்கை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து விக்கை மாட்டிப் பார்த்தான். குரல் வரவில்லை. வேலைக்காரி டோரா இரண்டு தட்டுதான் வைத்தாள். “இன்னொண்ணு யாருக்கும்மா?” ஹ்யூ அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 10

கோர்ட்டில் ஆக்னஸ் ஹ்யூவின் முகத்தைப் பார்த்தபடியே என்னிடம் அழுதாள்: “எனக்கு வக்கீலே வரலையே டீச்சர்!”

ரூபர்ட் வெளுத்துப்போனான். நேராகப் போய், தன் விக்கைக் கழற்றி ஹ்யூவின் தலையில் வைத்தான். “பேசுடா, மடையா.”

“இப்ப கேக்குது, மிஸ்டர் பெல்லமி,” என்றார் நீதிபதி. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். “அரசுத் தரப்புல யாரும் இல்லையா?”

ரூபர்ட் அங்கேயே நின்றிருந்தான், வெறுந்தலையோடு.

ஆக்னஸ் விடுதலை.

மார்ச் 11

ஹ்யூ பெட்டி கட்டினான். “எதிர்த்தரப்புல ஆளே வரல டீச்சர். வெறும் அதிர்ஷ்டம்!”

எப்படிச் சொல்வேன்? யாரிடம்?

மார்ச் 19

அழித்த கரும்பலகையில் வெயில் சாய்ந்து விழும்போது பழைய எழுத்து தெரியுமே, எனக்கு ரூபர்ட் ஜன்னல் வெளிச்சத்தில் அப்படித்தான் தெரிகிறான். காலையில் அவனுக்கு முட்டை உடைத்து வைக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இன்று ஜன்னல் பக்கம்கூட அவனைக் காணோம்.

இதை யாராவது படித்தால்: இன்று சாப்பிட உட்காரும்போது காலி நாற்காலியைப் பார்த்து, “உப்பு வேணுமா?” என்று கேளுங்கள். உப்பை நீட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளாதீர்கள்.